வடக்கு மூலைக் குவியல்

லெஸ்டர் ஹாக்கலா பதினொரு வருஷமாக லூத்தரன் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்கிட் ஸ்டியர் ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி இயந்திரம். நின்ற இடத்திலேயே திரும்பும். அதன் முகப்பில் எட்டடி அகலப் புஷரை மாட்டியிருந்தார். முன்பக்கம் மட்டும் திறந்த அந்தப் பெட்டி பனியை வழித்துக்கொண்டு நேராகப் போகும். போய் நிற்கிற இடத்தில் குவித்துவிடும். தரை சரிந்திருந்த வடக்கு மூலைதான் குவிக்க வசதி. நெடுஞ்சாலைக்குப் போகிற வாசலும் அந்த மூலையில்தான் இருந்தது.

பிப்ரவரி பிறந்தபோது குவியல் ஒன்றரை ஆள் உயரம் வளர்ந்து, வாசலில் நிற்பவர்களுக்குச் சாலையை மறைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பெண்கள் கூடிப் போர்வை தைத்துவிட்டுக் கலைந்த நேரத்தில், ஜோய்ஸ் ஸால்மி தன் சின்னக் காரை அந்த வாசல் வழியாக மெல்ல வெளியே எடுத்தாள். மரக்கட்டை ஏற்றிவந்த லாரியால் நிற்க முடியவில்லை.

சாலையில் பனிக்கட்டி, லாரி அளவான வேகத்தில்தான் வந்தது, கார்தான் கவனிக்காமல் முன்னே வந்துவிட்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. குவியலைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை லெஸ்டர் புஷரைக் கழற்றிவிட்டு பக்கெட்டை மாட்டி, தன்னந்தனியாக அந்தக் குவியலை அள்ளி அள்ளித் தன் டிரக்கில் கொட்டி, தரை தெரியும்வரை காலி செய்தார். சவ அடக்கத்தன்று ஜோய்ஸின் கணவர் வேர்ன் லெஸ்டரின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். லெஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள்.

பனி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று முறை கொட்டியது. பக்கெட்டை வைத்துக்கொண்டு லெஸ்டருக்கு அள்ளி மாளவில்லை. புஷரைத் திரும்ப மாட்டவோ மனம் வரவில்லை. வேறு கருவி வாங்கலாமா என்று தேவாலயக் குழுவிடம் கேட்டார். குழுவில் கருவி வாங்குகிற பொறுப்பு வேர்னுடையது. நானும் வருகிறேன் என்று வேர்ன் கிளம்பிவிட்டார். கருவிக் கடை நாற்பது மைல் தள்ளி இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்த இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஃப்ரீசரில் இன்னும் இருபத்தாறு கிடக்கிறது, உனக்குப் பாதி தருகிறேன் என்று வழியில் ஒருமுறை வேர்ன் சொன்னார்.

கருவி விற்கிற ட்ரூடி இருவரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சாய்த்துத் தள்ளுகிற பிளேடு வேகமானது, ஆனால் ஓரத்தில் வரப்புக் கட்டிவிடும். சுழலும் துடைப்பம் இரண்டு அங்குலப் பனிக்குத்தான் லாயக்கு. புளோயர் பனியை உள்ளே இழுத்துத் தூரத்தில் வீசியடிக்கும். ஆனால் பெரிய புளோயரைச் சுழற்ற லெஸ்டரின் பழைய இயந்திரத்துக்குத் திராணி போதாது, சின்னதைத்தான் மாட்டலாம். ஈரப் பனியென்றால் அதுவும் அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

"உங்க இடத்துக்கு புஷர்தான் சரி, லெஸ்டர்," என்றாள். "அது ஒரு மணி நேரத்துல முடிக்கிறத இந்தச் சின்ன புளோயர் மூணு மணி நேரம் இழுத்தடிக்கும். நல்லா ஓடிட்டிருக்கறத எதுக்கு மாத்தறீங்க?"

வேர்ன்தான் பதில் சொன்னார்.

"குவியல் இருக்கக் கூடாது."

ட்ரூடிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விலைப்பட்டியல் எடுத்து வருவதாக முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேர்ன் சின்ன புளோயரின் மேல் படிந்திருந்த பனியைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"ஜோய்ஸ் உங்கிட்ட ஏதாவது சொன்னாளா, லெஸ்? அந்தக் குவியலப் பத்தி?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அவள் இல்லை.

"சொன்னா," என்றார் லெஸ்டர். "ஜனவரி கடைசில. உன் மலைய எட்டிப் பாக்க எனக்கு ஏணிதான் வேணும்னு சிரிச்சா. சனிக்கிழமை வெட்டிடறேன்னேன்."

வேர்ன் தலையாட்டினார். "தெரியும். அன்னிக்கே வீட்டுல வந்து சொன்னா. நீயா வாயத் திறப்பியான்னு மூணு வாரமா பாத்துட்டு இருந்தேன்."

"சனிக்கிழமை நாம மீன் பிடிக்க ஏரிக்குப் போயிட்டோம், வேர்ன்."

"ஆமா. நாந்தான் கூப்பிட்டேன்."

ட்ரூடி வந்ததும் சின்ன புளோயருக்கு வேர்ன் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் லெஸ்டர் ஒவ்வொரு பனிக்கும் மூன்று மணி நேரம் உழைத்தார். வேலிக்கு அப்பாலிருந்த புதரில் பனி போய் விழுந்தது. வடக்கு மூலையில் முழங்கால் உயரத்துக்குக்கூட எதுவும் சேரவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மறுபடி ஏரிக்குப் போகலாமென்று வேர்ன் கூப்பிடவில்லை, லெஸ்டரும் கேட்கவில்லை. தேவாலயத்தில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பாதி தருவதாகச் சொன்ன பாஸ்டியும் வரவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, எல்லோரும் போனபிறகு வடக்கு வாசலோரம் மிச்சப் பனியை லெஸ்டர் வீசிக்கொண்டிருந்தபோது, வேர்னின் வண்டி அந்த வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் ஒரு மைலுக்குச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி நகரவில்லை. லெஸ்டர் புளோயரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து வேர்ன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, தெற்கு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.