இறங்கிக்கொண்டே இருந்த நாற்காலி

என் வீட்டுக்காரர் முடி வெட்டினால் காதோரம் ஒரு கீறல் விழாது. ஆனால் உடம்பைப் பற்றி வாயைத் திறந்தால் பாதி உண்மைதான் வரும். மீதியை முழுங்கிவிடுவார்.

மாதக்கணக்கில் அவருக்கு முதுகில் வலி, வலது தொடை இடுக்கிலும் வலி. இரண்டும் சேர்ந்து இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எலும்பு டாக்டரிடம் முதுகை மட்டும் சொன்னார், கீழே இருப்பதைச் சொல்ல வெட்கமாம். படம் எடுத்தார்கள், கோளாறு இல்லை. வேறொரு டாக்டரிடம் போய்க் கீழே இருப்பதை மட்டும் சொன்னார், இரண்டையும் சொன்னால் நடிக்கிறான் என்று நினைப்பாராம். குடலிறக்கமா, கல்லா என்று தேடினார்கள். அங்கேயும் ஒன்றுமில்லை. "ஒண்ணும் தெரியலேன்னா, பெருசா ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்று இவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

இன்று காலை எதிர் சலூன்காரர் மனைவி வந்து, "நாளையிலேர்ந்து உங்க கடையும் எங்களோடதுதானே?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தரியைக் கையில் பிடிக்காத நாளில் இந்த மனுஷனுக்குச் சாப்பாடே இறங்காது. அடுப்பை அணைத்துவிட்டு, காலுக்கொரு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கடையில் யாரோ ஒருவர் கழுத்துவரை துணியும் முகம் முழுக்க நுரையுமாக உட்கார்ந்திருந்தார்.

"கடையை விக்கிறீங்களாமே!"

"மெதுவா பேசு. கஸ்டமர் இருக்காரு."

"இருக்கட்டுமே! முதுகு வலிச்சா கடையை வித்துடுவீங்களா? தொடை இடுக்குல வலிச்சா உலகமே முடிஞ்சிடுமா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேப்பரைக் கீழே இறக்கினார்கள். இவர் முகம் சிவந்துபோனது. நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தொடை இடுக்கா? என்கிட்ட முதுகுன்னு மட்டும்தானே சொன்னீங்க?"

சாட்சாத் எலும்பு டாக்டர்!

பேசப் பேச டாக்டர் இறங்கிக்கொண்டே போனார். நாற்காலிதான் இறங்கியது. கண்ணாடியில் முதலில் தாடை மறைந்தது, அப்புறம் மூக்கு. இவர் யோசிக்காமல் வலது முட்டியைத் தூக்கி, நாற்காலியை உயர்த்தும் மிதியை லொடக் லொடக் என்று மிதித்தார். டாக்டர் மேலே வந்தார். மறுபடி இறங்கினார். மறுபடி மிதி.

"எப்பவுமே இப்படித்தானா?"

"சில மாசமா இறங்குது சார். ஒரு தலை முடியறதுக்குள்ள கால் ஓய்ஞ்சிடும்."

டாக்டர் துணியோடு எழுந்து, இவரைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தார். பெஞ்சுக்காரர்கள் எழுந்து இடம் விட்டார்கள், ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை. டாக்டர் இவரை முட்டியைத் தூக்கச் சொல்லி, அதன்மேல் கைவைத்து எதிராக அழுத்தினார்.

"ஐயோ!"

"எங்க வலிக்குது?"

"ரெண்டு இடத்துலயும்!"

முதல் தடவையாக ஒரு டாக்டருக்கு முழு உண்மை கிடைத்தது.

"ஒரே தசைதாங்க. முதுகெலும்புல ஆரம்பிச்சு, வயித்துக்குள்ள இறங்கி, தொடையில முடியுது. காலைத் தூக்குறதே அதுதான். நாள் முழுக்க மிதிச்சா அது என்ன பண்ணும், பாவம்? நாற்காலியைச் சரிபண்ணுங்க, காலுக்கு ஓய்வு குடுங்க. பயிற்சி சொல்லித் தரேன்."

"அப்ப நான் சாக மாட்டேனா சார்?"

"முதல்ல இந்த நுரையை வழிச்சு விடுங்க."

"அப்ப கடையை விக்கல" என்றார் இவர். பெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தேன்.

"சரி, இது எப்படிக் கெட்டுச்சு? ஏன் ரிப்பேர் பண்ணல?" என்றேன்.

இவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெஞ்சிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார்: "உங்க அண்ணன் தினம் மதியம் இதுலதானே தூங்குறாரு. ஒருநாள் டமார்னு ஒரு சத்தம்..."

என் அண்ணனுக்குத் தெருவில் ரோடு ரோலர் என்று பெயர். பெயர் வைத்தவர்களோடு நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"ரிப்பேர்னா யார் உடைச்சதுன்னு கேப்பே. சொன்னா உன் மனசு கஷ்டப்படும்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். என் பிறந்த வீட்டு மானத்தை இந்த மனுஷன் இத்தனை நாளாக ஒற்றைக் காலால் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது பார்த்து வாசலில் கொட்டாவி விட்டபடி என் அண்ணன் வந்து நின்றான். "என்ன மாப்ளே, சீட் காலியா?"

"வாங்க மச்சான்" என்று இவர் சொல்லும்போதே வலது முட்டி தானாக மேலே எழும்பியது.

நான் பாய்ந்து அதைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

"அண்ணே, பெஞ்சுல உக்காரு."