சீனியம்மாளின் மழையை ஆள் மாற்றிக் கொடுத்தது

தூத்துக்குடிக்கு மழை கப்பலில்தான் வரும். கொச்சியில் கண்டெய்னரில் அடைத்து ஏற்றி, ஏற்றியதற்கு ஒரு பில் கொடுப்பார்கள். அந்த ஒரிஜினல் பில்லைக் கொண்டுவந்து நீட்டுகிறவருக்கே மழை. பில்லை வாங்காமல் டெலிவரி கொடுத்தால் கப்பல் கம்பெனிதான் பொறுப்பு. எல்லாத் துறைமுகத்திலும் இதுதான் வழக்கம். டெலிவரி கிளார்க்கான எனக்கும் நன்றாகவே தெரியும்.

ஐப்பசி மழை இறங்கியதும் பொன்பாண்டி அண்ணாச்சி வந்தார். அவருக்கு உப்பளம். மழை யாருக்கு வந்தாலும் தன் உப்பைக் கரைத்துவிடும் என்ற பயத்தில், கிடைக்கிற மழையையெல்லாம் குடோனில் போட்டுப் பூட்டிவிடுவார்.

"ஒரிஜினல் எங்க அண்ணாச்சி?" என்றேன்.

"கூரியர்ல வருது தம்பி. நாளைக்குத் தந்துருதேன். என் மூஞ்சியப் பாத்தா நம்பிக்கை இல்லையோ?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. போதாக்குறைக்கு, அண்ணாச்சி என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். கையெழுத்துப் போட்டு மழையை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் விளாத்திகுளத்திலிருந்து சீனியம்மாள் என்று ஒரு விவசாயி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரிஜினல் பில்லை மேசையில் வைத்தார்.

"உளுந்து வெதச்சிருக்கேன்யா. இன்னைக்கு நனையலன்னா மொளை கருகிப் போகும். எம் மழையக் குடுங்க."

முந்தின நாள் நான் அண்ணாச்சிக்கு விட்டது இந்த அம்மாளின் மழை. அவர் குடோனுக்கு ஓடினேன். பூட்டி வைத்த மழை புழுக்கத்தில் ஆவியாகியிருந்தது. அண்ணாச்சி நிம்மதியாக எனக்கு ஒரு டீ சொன்னார். குடிக்காமல் திரும்பினேன்.

எங்கள் மேனேஜர் மச்சாடோ சார் சத்தமே போடவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"சரக்கு இல்லேன்னா கம்பெனிதான் ஈடு கட்டணும். கம்பெனின்னா இங்க நீயும் நானும்தான். வா லியோன், போய்ப் பெய்வோம்."

குடையை ஆபீசிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

விளாத்திகுளத்தில் சீனியம்மாளின் உளுந்துக் காட்டை ஒட்டிய மேல்நிலைத் தொட்டிமேல் ஏறினோம். சார் சீனியர் என்பதால் இடியை அவரே இடித்தார். நான் தூறலில் ஆரம்பித்தேன். முதலில் விரல்கள் போயின, பிறகு முழங்கை, பிறகு தொப்பை. வலியெல்லாம் இல்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

"ஏய்யா, அந்த மேற்கு மூலைய மறந்துட்டீங்களே!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

சார் மேற்கே சாய்ந்தார். கரிசல் மண் கடகடவென்று குடித்தது. சீனியம்மாள் வரப்பில் நின்று, தலையைத் துவட்டக்கூட நினைக்காமல், "யாத்தே! பொழச்சுட்டேன், பொழச்சுட்டேன்!" என்று சிரித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததே இல்லை. வேண்டியதற்குக் கொஞ்சம் கூடவே பெய்தேன்.

காடு குடித்தது போக மிச்சம் ஓடையில் தேங்கிக் கிடந்தோம். சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு என் மனைவி ஜெசிந்தா இரண்டு குடத்தோடு வந்துவிட்டாள்.

"இதுல எதுங்க நீங்க?"

"கலங்கலா இருக்கிறதுதான் மச்சாடோ சார். அவர முதல்ல மொண்டுக்கோ, மரியாதையா இருக்கும்" என்றேன்.

இடுப்பில் நானும் கையில் அவருமாக தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னலோரத்தில் இருந்தவரை எழுப்பி அந்த இடத்தை மச்சாடோ சாருக்குக் கொடுத்தார்.

"ரோடு மோசம் சார். தளும்பாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.