கூரைக்குள் போன உப்பு

பென்னலூருக்கு மேற்கே இருந்த அந்த மாதா கோவிலைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள், மீதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். கோபுரம் கிடையாது, வெள்ளையடிப்பு கிடையாது. அச்சுப் பலகைத் தடம் அப்படியே தெரியும் வெறும் கான்கிரீட். மெட்ராஸ் காலேஜ் பிள்ளைகள் வந்து, தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் படம் பிடித்தார்கள். லாரி முதலாளி லூர்துராஜுக்கோ அது நெல் குடோன். "இதுல மூட்டைதான் அடுக்கலாம், மாதாவ எப்படிய்யா குடிவைக்கிறது?" என்பார்.

அறுபத்து மூன்றில் அதைக் கட்டியவர் சின்னப்பராஜ் மேஸ்திரி. பன்னிரண்டே வருஷத்தில் உள்ளே கம்பி துருவேறி, கூரை சில்லு சில்லாகப் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. மேஸ்திரி சிமெண்டைத் தின்றுவிட்டான் என்றது ஊர். தீர்ப்புச் சொல்ல ஊருக்கு எவ்வளவு நேரமாகும்! அதற்குப் பிறகு அவருக்கு ஒரு மாட்டுக்கொட்டகை வேலைகூட யாரும் தரவில்லை. ஞாயிறு பூசையில் கடைசித் தூணோரம் ஒண்டிக்கொண்டு கூரையையே பார்ப்பார். "என் கை சுத்தம், புஷ்பம். எங்க தப்புன்னுதான் புரியல" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார். ஒன்பது வருஷமாக அன்னபுஷ்பம் இதைக் கேட்டு வந்தாள்.

எண்பத்து நான்கு ஆவணியில் இராமச்சந்திரன் என்ற இன்ஜினியர் வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார், ஒரு சில்லை எடுத்துப்போய்ச் சோதித்தார். "சிமெண்ட் சரியாத்தான் போட்டிருக்காங்க. உப்பு கலந்திருக்கு. அதுதான் கம்பியைத் தின்னுடுச்சு" என்றார்.

அது எந்த உப்பென்று அன்னபுஷ்பத்துக்குத் தெரியும். கான்கிரீட் போட்ட அன்று அவளும் சித்தாளாகச் சட்டி சுமந்தாள். மேலே புருஷன் நிற்க, அடியில் சாரம் நெறுநெறுவென்று முனகியது. பயந்துபோய்ப் பக்கத்திலிருந்த பழைய ஓலைக் கோவிலுக்கு ஓடினாள். அங்கே ஜனங்கள் நேர்ந்துகொண்டு மாதா காலடியில் குவித்த உப்பு கிடந்தது. கூடை கூடையாக அள்ளிவந்து, யாரும் பார்க்காதபோது கான்கிரீட் குழைக்கிற தண்ணீர்ப் பீப்பாய்களில் கொட்டினாள். அவரை மாதா காப்பாற்றுவாள் என்றுதான் செய்தாள். காப்பாற்றிய லட்சணம் இது.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் கோவிலை அழித்தவள், சொல்லாவிட்டால் புருஷனை அழித்தவள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாலமோன் சாமியார், மழைக்கு முன்னால் இடித்தாக வேண்டும் என்றார்.

"இடிங்க சாமி. கோபுரம் வெச்சுக் கட்டலாம்" என்று லூர்துராஜ் எழுந்தார். "உப்புக் கெணத்துத் தண்ணிய ஊத்துன இந்தாள மட்டும் கிட்ட சேத்துடாதீங்க."

"ஏரித் தண்ணிதான் ஊத்துனேன்..." என்றார் சின்னப்பராஜ், கடைசித் தூணோரத்திலிருந்து.

பெண்கள் பக்கத்திலிருந்து அன்னபுஷ்பம் எழுந்துவிட்டாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க. உப்பக் கொட்டுனது நானு. மாதா காலடியில நேந்துக்கினு வெச்ச உப்பு. நாலு கூடை."

கல்லெறிவார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டதோ பக்கத்திலிருந்த சூசையம்மாளின் அழுகை. "மாதா உப்பா? நம்ம தலைக்கு மேலயா கீது?" என்று முழங்காலில் விழுந்தாள் அவள். லூர்துராஜ் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "இதையா இடிக்கிறது? எவனாவது கடப்பாரைய எடுத்துப் பாக்கட்டும்!" உதிர்ந்து கிடந்த சில்லுகளைப் பெண்கள் முந்தானையில் பொறுக்கினார்கள். சாமியார் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"அய்யோ, நிக்காதுப்பா! கட்டுனவன் சொல்றேன், இடிச்சுடுங்க!" என்று கத்தினார் சின்னப்பராஜ்.

"நீங்க சுத்தமான ஆளு மேஸ்திரி. உக்காருங்க" என்று லூர்துராஜ் அவர் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

ஐப்பசி முதல் ஞாயிறு கோவிலில் நிற்க இடமில்லை. பீடத்துக்கு எதிரே, பெரிய விரிசலுக்கு நேர் கீழே, மேஸ்திரிக்கும் மனைவிக்கும் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் தலையே நிமிரவில்லை. அவளால் கூரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. எழுந்து போகலாமென்றால் வாசல்வரை ஊரே உட்கார்ந்திருந்தது.