தங்கச்சியின் பேட்டி

எங்கள் மாடியில் கடைசி வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அறிக்கை’. பத்திரிகையில் இருந்தபோது ஆளுங்கட்சியை வறுத்தெடுத்தார். பிறகு அதே கட்சியில் சேர்ந்து, தான் எழுதியதையெல்லாம் தானே டிவியில் மறுத்தார். தேர்தலில் நின்று டெபாசிட்டையும் தொலைத்தபின், கம்பெனிகளின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளும் மக்கள் தொடர்பு ஆபீஸ் திறந்தார். மூன்று வேலைக்கும் ஒரே கோட்டுதான்.

எங்கள் எதிர்வீட்டில் அவர் தங்கை. அவள் புருஷனுக்குத் தகர டப்பா ஃபாக்டரியில் வேலை வாங்கிக் கொடுத்தது அறிக்கைதான். அந்தக் கம்பெனி அவருடைய ஆபீஸுக்கு வாடிக்கையாளர். அங்கேதான் மிஷின் அந்த மனுஷனை இழுத்துக்கொண்டது. வேகம் குறைகிறதென்று பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்களாம். அது விசாரணையில் நின்றால் நஷ்டஈடு வரும். ‘கவனக்குறைவு’ என்று முடித்தால் பழியும் செத்தவர் தலையில், பிள்ளைகளும் தெருவில்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அண்ணன் வந்தார். நான் டீ கொண்டுபோனேன். போனால் சீக்கிரம் எழுந்துவரும் பழக்கம் எனக்கில்லை.

“மச்சான் வீட்ல எப்படிம்மா இருப்பாரு? பேசு, மனசு லேசாகும்” என்றார்.

நல்லபடியாக இருப்பார் என்றாள். அறிக்கை ஒன்றும் பேசவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் எதிராளியே மிச்சத்தைக் கொட்டிவிடுவான் என்று எங்களிடமே பெருமையடித்திருக்கிறார். அப்படித்தான் கொட்டினாள்.

“எல்லாத்துலயும் அவசரம்ணா. சட்டைப் பட்டனைக்கூட மாடிப்படியிலதான் போடுவாரு. எத்தனை தடவை திட்டியிருப்பேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அண்ணன் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். காலைப் பேப்பரில் கொட்டை எழுத்தில்: “எப்போதும் அவசரம், பலமுறை கண்டித்தேன் – பலியானவரின் மனைவி உருக்கம்”.

நேரே போய் அண்ணன் கதவைத் தட்டினாள். நானும் குப்பைக்கூடையோடு வெளியே வந்தேன். கூடை நிறையவில்லை, அதனால் என்ன.

“அண்ணன்கிட்டன்னு நெனச்சுத்தானே பேசினேன்?”

“நீ சொன்னதுதானேம்மா. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கலையே.”

“மூடியைக் கழட்டினது உனக்குத் தெரியுமா?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. “கழட்டினதுமே, போன மாசம், கம்பெனிக்காரங்க வந்து கேட்டாங்க, ஏதாவது ஆச்சுன்னா என்ன சொல்றதுன்னு. தொழிலாளி கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்தேன். யாருன்னு அப்ப எனக்கென்ன தெரியும்?”

இதை விசாரணையில் அவள் அப்படியே சொன்னாள். அதிகாரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், துக்கத்தில் என்னென்னவோ பேசுகிறாள் என்றார். பேப்பரைக் காட்டி, இது நீ சொன்னதுதானே என்று அதிகாரி கேட்டார். ஆமாம், ஆனால் என்று ஆரம்பித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லம்மா என்றார். கவனக்குறைவு என்று முடிந்தது.

அன்றைக்கு அண்ணன் கதவுக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டவள் நான். சாட்சி சொல்ல வா என்று யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அதே கட்டிடத்தில் குடியிருக்க வேண்டாமா? மாடியில் எல்லாரிடமும் சொன்னேன், அது வேறு.

பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டுமே. அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலையை, அதே கம்பெனியில், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். கம்பெனியின் பெருந்தன்மை என்று அதுவும் செய்தியாக வந்தது. வாசல் பக்க வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். யார் வந்தாலும் எழுந்து நின்று சிரிக்கவேண்டும். வாரம் தவறாமல் வருகிறவர் அண்ணன்தான்.