மூன்று நாற்பது பஸ்

ஹட்டனில் மைக் செட் வாடகைக்கு விடுகிற ஷிஹாமுக்கு, ஒரு கூட்டம் எப்படி நடக்கப் போகிறது என்பது முதல் தொலைபேசி அழைப்பிலேயே தெரிந்துவிடும். பதினெட்டு வருடமாகக் கல்யாணம், திருவிழா, தேர்தல் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவர். எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தன ஸ்பீக்கர் பெட்டி வைப்பீங்க? டவுன் வரைக்கும் கேக்குமா?" என்றுதான். இந்த முறை அழைத்த லோஜினி அப்படிக் கேட்கவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் வழக்கப்படி 'நானா' என்று அவரைக் கூப்பிட்டுத் தொடங்கினாள்.

"நானா, வர்றவங்கள்ல நெறையப் பேரு தேயில பெக்டரியில வேல செஞ்சவங்க. மெஷின் சத்தத்துல காது மந்தமாயிருக்கும். அவங்களுக்கு வெளங்கணும், ஆனா மத்தவங்களுக்குக் காதக் குடையக் கூடாது. முடியுமா?"

இப்படி ஒரு கேள்வியை ஷிஹாம் அதுவரை கேட்டதே இல்லை. "முடியும் மிஸ்" என்று சொல்லிவிட்டு, எப்படி முடியும் என்று அன்று மத்தியானம் முழுவதும் யோசித்தார்.

முன்பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் ஹட்டனில் வார இறுதியில் ஒரு டிப்ளோமா நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு நிகழ்ச்சி மற்றும் சமூகத் தொடர்பு முகாமையாளர் லோஜினி. பதவியின் பெயர்தான் நீளம். வேலை செய்ய அவள் ஒருத்திதான். விரிவுரைக்கு அறை பிடிப்பது, வகுப்புக்கு வராத மாணவியைத் தேடித் தோட்டத்து லய வீட்டுக்கே போவது, தாய் தகப்பனிடம் பேசுவது எல்லாம் அவள் தலையில். இப்போது முதலாவது பிரிவு மாணவிகள் படிப்பை முடித்து, சான்றிதழ் கொடுக்கும் விழா.

விழாவுக்கு முதல் நாள் மண்டபத்துக்கு வந்தவள் மேடையைப் பார்க்கவே இல்லை. நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, "நானா, மெதுவாப் பேசிப் பாருங்க" என்றாள். ஷிஹாம் பேசப் பேச, ஒவ்வொரு மூலையிலும் மாறி மாறி உட்கார்ந்து கேட்டாள். பிறகு பெண்கள் கழிவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று கடைத்தெருவுக்கு ஓடினாள். வாங்கி வந்து அவளே திருகாணியை முடுக்குவதைப் பார்த்த ஷிஹாம், கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. வழியில் மண் சரிந்து, கொழும்பிலிருந்து வர வேண்டிய பேராசிரியரின் வாகனம் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. டிப்ளோமாவின் இணைப்பாளர் சுதாகரன், பிரதம விருந்தினர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்.

"இவங்க விடிய முன்னயே கெளம்பி வந்தவங்க சேர்" என்றாள் லோஜினி. "பிள்ளைங்க செஞ்சதக் காட்டுறதுக்கு விருந்தினர் தேவையில்ல. சான்றிதழ மட்டும் அவருக்கு வச்சிருப்போம்."

சுதாகரன் அரைமனதோடு தலையாட்டினார். மாணவிகள் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் செய்த படப் பெட்டிகளையும் விளையாட்டுச் சாமான்களையும் விளக்கினார்கள். கடைசி வரிசையில் யாரும் காதில் கை வைக்கவில்லை என்பதை ஷிஹாம் கவனித்துக்கொண்டார்.

பேராசிரியர் வந்து சேரும்போது மணி ஒன்றே முக்கால். சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குப் பேச எழுந்தார். நல்ல மனிதர், மலையகக் கல்வியைப் பற்றி உண்மையான அக்கறையோடு பேசினார். ஆனால் மூன்று மணி தாண்டியும் கையில் இன்னும் தாள்கள் இருந்தன. நடுவரிசைகளில் பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதும், வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். முதலில் எழுந்து போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

அக்கரப்பத்தனைக்கு அப்பால் மேல்தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் மூன்று நாற்பதுக்கு. அதை விட்டால் போக வழியில்லை. சான்றிதழ் ஒன்றுகூட இன்னும் கொடுக்கப்படவில்லை.

லோஜினி மைக் மேசைப் பக்கம் வந்து நின்றாள். ஷிஹாம் குரலைத் தாழ்த்தி, "மிஸ், மைக்கக் கொஞ்சம் கரகரக்க விடவா? எலெக்சன் கூட்டத்துல செஞ்சிருக்கேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "வேணாம் நானா. அவர் நல்ல விசயந்தான் பேசுறாரு. நேரந்தான் தெரியல. நானே சொல்றேன்."

இரண்டாவது மைக்கை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். ஷிஹாம் அந்த மைக்கின் ஒலியைத் திறந்துவிட்டார். இத்தனை வருடத்தில் மேடையில் பேசுபவரை இடைமறித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். எல்லாமே சண்டையில்தான் முடிந்திருக்கின்றன.

"சேர், மன்னிக்கணும்" என்றாள் லோஜினி. "அக்கரப்பத்தனப் பக்கம் போற கடைசி பஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பிரும். இருபத்திரெண்டு குடும்பம் அதுலதான் போகணும். உங்க கையால சான்றிதழ் வாங்கணும்னு ஆசையா வந்திருக்காங்க. அவங்களுக்கு மட்டும் மொதல்ல குடுத்துட்டீங்கன்னா, மிச்சப் பேச்ச நாங்க இருந்து கேக்குறோம்."

சுதாகரன் குனிந்து தரையைப் பார்த்தார். பேராசிரியர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

லோஜினி கையில் பட்டியல் இல்லாமலே பெயர்களைக் கூப்பிட்டாள். பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர், கூட வந்த தாய் தகப்பனின் பெயர். பெற்றவர்களும் கூடவே மேடையேறினார்கள். பூரணியின் முறை வந்தபோது அவளுடைய அம்மா காளியாயி சான்றிதழைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"சேர், இதுல என்னாங்க எழுதியிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

ஷிஹாம் சட்டென்று அவள் பக்கத்து மைக்கின் ஒலியைக் கூட்டினார். சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. பேராசிரியர் அதை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பூரணி என்கிற பிள்ளை இந்தக் கற்கையைத் திறமையாக முடித்திருக்கிறாள், சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றிருக்கிறாள் என்று. காளியாயி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

மணி மூன்று முப்பத்தெட்டு. வெளியே மழை பிடித்திருந்தது. கூட்டம் பஸ் நிலையத்தை நோக்கி ஓட, லோஜினி முன்னால் ஓடினாள். ஷிஹாம் ஜன்னலிலிருந்து பார்த்தார். பஸ் புறப்படாமல் நின்றது. காலையிலேயே அவள் டிரைவரிடம் போய், எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லி, ஐந்து நிமிடம் தாமதிக்கக் கேட்டிருந்தாளாம். இதை அவர் பிறகுதான் அறிந்தார்.

நனைந்த தலையோடு திரும்பி வந்தவள் நேரே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "சேர், நாங்க கேக்குறோம்" என்றாள். பேராசிரியர் மீதியைப் பேசினார். பாதி காலியான மண்டபத்தில், இந்த முறை தாளைப் பார்க்காமல் பேசினார். லோஜினி குறிப்பெடுத்துக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டாள். கொடுத்த வாக்குக்காக உட்கார்ந்திருப்பதாக அவள் முகத்தில் தெரியவில்லை, உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். ஷிஹாமுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது.

மிச்சச் சான்றிதழ்களையும் கொடுத்து எல்லாம் முடிந்த பிறகு சுதாகரன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க செஞ்சது சரிதான். ஆனா பெரியவங்கள மேடையில வச்சு நிப்பாட்டுறது நல்லாயில்ல. இனிமே பாத்துச் செய்யுங்க."

"சரிங்க சேர். அடுத்த தடவ பஸ் நேரத்த அழைப்பிதழ்லயே போட்டுர்றேன்."

சுதாகரனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஷிஹாம் வயரைச் சுருட்டி, பெட்டிகளை வேனில் ஏற்றினார். லோஜினி மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றுப் பார்சலை அப்போதுதான் பிரித்தாள். சாப்பிடுவதற்கு முன்னால் போனை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் குரல் செய்திகள் வரத் தொடங்கின. "மிஸ், நாங்க எறங்கிட்டோம்." "மிஸ், வீட்டுக்கு வந்துட்டோம், இங்க நல்ல மழ." அவள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் பேசினாள்.

"இன்னும் எத்தன பேரு மிஸ்?"

"தோட்டத்து மேல் டிவிசன்காரங்க மூணு வீடு பாக்கி நானா. அவங்க எறங்கி நடக்கணும். நீங்க போங்க, ஒங்களுக்கு வேல இருக்கும்."

வேலை இருந்தது. வேறோர் இடத்தில் பெட்டிகளை இறக்க வேண்டும். ஷிஹாம் வேன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்க் கடையில் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு வந்து, அவளுக்கு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.