முன் பெஞ்சில் ஓர் இடம்

"தலை கிழக்கே வரட்டும். அப்படியே சுத்துங்க," என்றார் பேராலயத்தின் தலைமைக் குருவான டீன். ஆறு பேரும் சவப்பெட்டியைத் தோளில் வைத்தபடி குழியோரம் திரும்பத் தொடங்கினார்கள்.

"வேண்டாம். அம்மாவ வெச்ச மாதிரியே வைங்க," என்றாள் ஹெஸ்டர்.

பெட்டி பாதியில் நின்றது. யார்க்‌ஷயர் தூறல் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

டீன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஊர் சனங்களுக்குத்தாம்மா கால் கிழக்கே. குருமாருக்குத் தலை கிழக்கே. உயிர்த்தெழும்போது தன் சபையப் பாத்து எந்திரிக்கணும்ல? உங்கப்பா பேராயர். மூணு ஆயர்கள் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

சபையைப் பார்த்தது போதாதா? இதே ஊரில் குருவாகத் தொடங்கி, ஆயராகி, பேராயராகி, ஐம்பது வருஷம் அவர் சபையைத்தான் பார்த்தார். அம்மா முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். பக்கத்தில் கையுறைகளை வைத்து இடம் பிடித்திருப்பாள்.

"யாருக்கும்மா?" என்று சிறுமி ஹெஸ்டர் கேட்பாள்.

"உங்கப்பாவுக்குத்தான். ஒரு ஞாயித்துக்கெழமையாவது லீவு கெடைக்காமலா போயிடும்?"

கிடைக்கவே இல்லை. அம்மாவின் அடக்க ஆராதனையையும் அவரே நடத்தினார். குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. அதை ஹெஸ்டர் இருபது வருஷமாக மன்னிக்கவில்லை.

"அம்மா மாதிரி வைக்கச் சொல்லி உங்கப்பா எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டபடி டீன் ஒரு தாளை நீட்டினார். அப்பாவின் கையெழுத்துதான். பாட்டு எண்கள், புகழுரை கூடாது, மற்றதெல்லாம் வழக்கப்படி.

"எழுதல," என்றாள் ஹெஸ்டர்.

கடைசி நாளில் அப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. சூப் இறங்கவில்லை. மத்தியானம் திடீரென்று உடம்பை இழுத்து இழுத்துக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார். விழுந்துவிடுவார் என்று அவள் பிடிக்க ஓடினாள். அவர் காலியான பாதியை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். கண் அவள் பக்கம் இல்லை.

"கட்டில்ல அம்மாவுக்கு இடம் விட்டாரு," என்றாள். எல்லார் எதிரிலும் அழுதாள்.

"சாமி, சீக்கிரம் சொல்லுங்க. பேராயர் கனக்குறாரு," என்றார் பெட்டியை முன்னால் தாங்கி நின்ற கிழவர் பிளெங்கின்.

டீன் தாளை மடித்து அங்கிக்குள் வைத்தார். ஆயர்கள் பக்கம் திரும்பவில்லை.

"கால் கிழக்கே," என்றார்.

பெட்டி அம்மாவுக்குப் பக்கத்தில் இறங்கியது. மண் அள்ளுவதற்காகக் கையுறைகளைக் கழற்றிய ஹெஸ்டர், அவற்றை இரண்டு பேருக்கும் நடுவே புல்லில் வைக்கப் போனாள். வைக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டாள்.