கடைசி வாக்கியத்தில் வந்தவர்

கடலுக்குப் போய் ஒக்கிப் புயலில் காணாமல்போன சிலுவை, ஐந்து வருஷம் கழித்து, அவருடைய மனைவி கிளாரா எழுதிய நாவலின் கடைசி வாக்கியத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்தார். கிளாரா கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். சூரிய உதயம் பார்க்கப் போனவர்கள் இட்லிக்குத் திரும்பும்வரை கிடைக்கும் இடைவெளியில், லாட்ஜ் கம்ப்யூட்டரிலேயே அந்த நாவலை எழுதிவந்தாள். ‘அவர் வந்து அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்தார், சட்டை ஈரமாக இருந்தது’ என்று அடித்து முடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். சிலுவை அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டை ஈரமாக இருந்தது. ஃபேனை எவ்வளவு வேகமாக வைத்தும் அது காயவில்லை. அவர் பேசவுமில்லை. அவருடைய குரல் கிளாராவுக்கு மறந்துபோயிருந்ததால், கடைசி அத்தியாயத்தில் அவருக்கு ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளிக்கக் கையை எடுத்தவர், ஏற்கெனவே நனைந்திருக்கும் ஆளை மேலும் நனைப்பானேன் என்று விட்டுவிட்டார். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஷிஜிக்கு வீடியோ காலில் ஸ்டூலும் அதனடியில் தேங்கிய தண்ணீரும் மட்டும்தான் தெரிந்தன. “அங்க தனியா கெடக்காண்டாம் அம்மா, இங்க வாங்க” என்றாள். “தனியா இல்ல மக்கா” என்றாள் கிளாரா. அது பாதிதான் உண்மை. சோறு வைத்தால் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் இருக்கும் வீட்டில் ஒற்றைக் குரலாகப் பேசிக்கொண்டிருப்பது ஆளில்லாத வீட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வேலை முடிந்ததும் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்தாள்.

நாவலைத் தனக்குத் தெரிந்த பதிப்பகங்களுக்கெல்லாம் ஒரே நாளில் முழுசாக அனுப்பியிருந்தாள். ஒருவரும் பதில் போடவில்லை. அப்போதுதான் ரெனிஷா லாட்ஜில் வந்து தங்கினாள். கருங்கல் ஊர்க்காரி, எழுத்தாளர்களுக்காகப் பதிப்பகங்களிடம் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொடுக்கும் ஏஜென்டாகச் சென்னையில் இருந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், மேசையில் கிடந்த பிரதியை நின்றபடியே படித்து, ரயிலைத் தவறவிட்டாள்.

“இப்படி எல்லாருக்கும் வாரி எறியப்பிடாதுக்கா” என்றாள். “யாரு என்ன மாதிரி புத்தகம் போடுவாங்கன்னு பாக்கணும். முதல் மூணு அத்தியாயமும், ஒரு பக்கத்துல கதைச் சுருக்கமும் போதும். உலகமே படிச்சு அழும்னு நீங்களே எழுதப்பிடாது. எழுதினியளா?”

கிளாரா எழுதியிருந்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

ரெனிஷா பிரதியைக் கையோடு கொண்டுபோனாள். சில மாதங்களில் சென்னையின் பெரிய பதிப்பகம் ஒன்று சம்மதித்தது. ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: சிலுவை திரும்பி வரக்கூடாது. நம்பும்படியாக இல்லையாம். ஏஜென்ட் சொன்னால் கேட்க வேண்டும் என்று நினைத்த கிளாரா, லாட்ஜில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு ‘அவர் வரவேயில்லை’ என்று அடித்தாள். உடனே பக்கத்து வீட்டு ராஜபாய் போன் செய்து, கொழம்பு கொடுக்கப் போனேன், உங்க வீட்டு ஆளைக் காணோமே என்றாள். கிளாரா பழைய வாக்கியத்தைத் திரும்ப அடித்தாள். போன் இணைப்பு அறுபடுவதற்குள், “இந்தா, வந்திட்டாரு” என்றாள் ராஜபாய்.

காரணம் சொல்லாமல், திருத்த முடியாது என்று மட்டும் கிளாரா சொன்னதால் ரெனிஷாவே கிளம்பி வந்தாள். அடுக்களையில் சிலுவையைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சோறு தின்றாள்.

“இத முதல்லயே பறஞ்சிருக்கலாம்லா. ஏஜென்டுகிட்ட ஒண்ணையும் மறைக்கப்பிடாது.”

“நீ நம்பமாட்டேன்னு நெனச்சேன் மக்கா.”

“நம்புறது என் வேலையில்லக்கா. எத வெட்டலாம், எத வெட்டப்பிடாதுன்னு தெரிஞ்சு வைக்கிறதுதான் என் வேலை.”

பெரிய பதிப்பகத்துக்கு அவள் அன்றே மறுப்பு எழுதினாள். அதன் பிறகு ஒன்றரை வருஷம் நிராகரிப்புகள் வந்துகொண்டிருந்தன. படித்துப் பிரயோஜனம் உள்ளவற்றை மட்டும் கிளாராவுக்கு அனுப்பி, மற்றதை ரெனிஷா தன்னிடமே வைத்துக்கொண்டாள். கடைசியில் மதுரையில் ஒரு சிறிய பதிப்பகம் ஒரு சொல்லையும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது.

புத்தகம் கடைகளுக்குப் போன வாரம் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கிளாரா கடற்கரை முழுக்கத் தேடினாள். மறுநாள் குளச்சலிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய புருஷனும் அதே புயலில் போனவன்தான்.

“கடைசிப் பக்கம் படிக்கும்போ எங்க அடுக்களையில ஒருத்தரு வந்து இருந்தாருக்கா. எங்க வீட்டு ஆளு இல்ல. ஆனா சட்டை ஈரமா இருந்திச்சு. இத்தன வருஷமும் நான் அழவே இல்ல. அவருக்க முன்னால இருந்து அழுதேன்.”

கிளாராவுக்கு விளங்கியது. அச்சாகிவிட்ட கடைசி அத்தியாயத்தை யார் எங்கே படித்தாலும் சிலுவை அங்கே போயாக வேண்டும். புத்தகம் விற்க விற்க அவர் வீட்டில் இருக்கும் நேரம் குறைந்தது. பாராட்டிப் பேசியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள்; மறுபடியும் அடுக்களையில் ஒருவருக்கு மட்டும் அரிசி களைந்தாள். இரண்டாம் பதிப்புக்குக் கேட்கிறார்கள் என்று சொல்ல ரெனிஷா கூப்பிட்டபோது, குரல் தயங்கியது.

“வேண்டாம்னா நிறுத்திரலாம்க்கா. அந்த உரிமைய உங்க கையிலதான் வச்சிருக்கேன்.”

கிளாரா குளச்சல்காரியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அடிக்கச் சொல்லு” என்றாள்.

இப்போது நாலாம் பதிப்பு ஓடுகிறது. சட்டசபைத் தேர்தல் ஓட்டு எண்ணிய நாளில் ஊரெல்லாம் டிவி முன்னால் கிடந்தது. ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. சிலுவை விடியும்போதே வந்துவிட்டார். கிளாரா லாட்ஜுக்கு லீவு சொல்லி, சாளை மீன் வாங்கிவந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து அரிந்தாள். எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்று அவ்வப்போது எட்டிப் பார்த்து அவருக்குச் சொன்னாள். சாயங்காலம், ஈரோட்டிலோ வேறெங்கோ யாரோ டிவியை அணைத்திருக்க வேண்டும். அவர் எழுந்து போனார். கிளாரா தரையைத் துடைத்துவிட்டுக் கறிச்சட்டியை இறக்கிவைத்தாள்.